குளிசை வாங்க மறுத்தவர்

செவ்வாய், நவம்பர் 12. டோஸ்ட்ருப், டென்மார்க்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த சரஸ்வதியம்மா இன்று என் கையால் மருந்துக் குளிசை வாங்க மறுத்துவிட்டார்.

“நேற்று ரீவியிலை ஒருத்தனைச் சாக்காட்டினவன் நீதானே?”

“ஓம் அம்மா. அது நடிப்பு.”

இருபத்தைந்து வருடங்களாக டெனிஷ் தொடர்களில் டாக்சிக்காரன், கடைக்காரன், நோயாளி என்று நடிக்கிறேன். முகம் பலருக்குத் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. கொலைகாரன் வேடம் இதுதான் முதல் தடவை. மூன்றே வசனம்.

இல்லப் பொறுப்பாளர் குளிசை கொடுக்க வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

“ஏன் அவனைச் சாக்காட்டினனீ?”

இயக்குநர்கூடக் கேட்காத கேள்வி. கதையில் காரணம் இல்லை. நானே ஒன்றை யோசித்து வைத்துத்தான் நடித்தேன். அதை முழுவதும் சொன்னேன்.

கேட்டு முடித்துக் கையை நீட்டினார்.

“அப்பிடியெண்டால் சரி, தம்பி. குளிசையைத் தாரும்.”