கீழ்க்கொல்லை மரவள்ளி

தை, திங்கள்
காலையில் பனி. குச்சி வெட்டும் வேலை. மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்த மரவள்ளித் தண்டுகளில் பாதி காய்ந்துவிட்டது. நகத்தால் கீறி, பால் கசிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். “கணு மேல பார்த்து இருக்கணும் செல்வி. தலைகீழா நட்டுடப் போற.” பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை, கால் வரவில்லை. பேச்சு மட்டும் திரும்பியிருக்கிறது, குழறலாக.

கீழ்க்கொல்லை விஷயம் இன்னும் சொல்லவில்லை. புயலில் உப்பளத்துக் கரை உடைந்து உப்புத் தண்ணீர் கொல்லைக்குள் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில்.

அனுமந்தையிலிருந்து வரும் மீன்காரம்மா இன்றும் வரவில்லை. ரசம்தான்.

செவ்வாய்
நட்டாயிற்று. நானும் நாத்தனார் மல்லிகாவும். மண் முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கிறது. மல்லிகா ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பினாள். “இதுல எப்படி அண்ணி வரும்? அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

எப்படிச் சொல்வது? கொல்லைக்கு நடந்து போகணும் என்றுதான் தினமும் எழுந்து நிற்கப் பார்க்கிறார்.

வாங்க: மாத்திரை, சோப்பு, கொசுவத்தி.

அடுத்த வாரம், வெள்ளி
துளிர் இல்லை. ஒரு குச்சியைப் பிடுங்கினேன். அடி கறுத்துக் கொழகொழ. அடுத்ததும் அப்படியே. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வீடு ஒரே அறை, அங்கே முடியாது.

“துளிர் வந்துச்சா?”

“வருதுங்க.”

ஞாயிறு
நல்ல வெயில். துளிர் ஒன்று கிள்ளி வரச் சொன்னார், பார்க்கணுமாம். மல்லிகாவின் மேட்டுக்கொல்லையில் கிள்ளி வந்து கொடுத்தேன். இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்மளுது காம்பு வெள்ளையா இருக்கும். இது செவப்பு.”

அடுப்பில் கஞ்சியைக் கிளறப் போனேன்.

“உப்புத் தண்ணி ஏறிடுச்சா?”

“ம். நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப.”

“தெரிஞ்சே நட்டியா?”

“நீங்க நடச் சொன்னீங்க.”

சிரித்தாரா அழுதாரா, கோணிய வாயில் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டேன். கஞ்சி வேண்டாம் என்றார்.

திங்கள்
மேகமூட்டம். எழுப்பி நிற்க வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார், வாசல் தெரியாதபடி. மல்லிகாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் திருப்பிப் போட்டோம்.