குகை மண்டபத்துக் கல் பெஞ்சு

மே 6, சனி

நாளை ரெனாட்டோ வீட்டாரோடு அரண்மனைத் தோட்டத்துக்குப் போகிறேன். பாதுவா நகரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ரொட்டிக் கடை வைத்து நான்கு வருடம், இன்னும் உள்ளே போனதில்லை. "எங்க வீட்டுக்கு மருமகளா வர்றவ ஒருதடவை அங்க போயே ஆகணும்" என்கிறான். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறான். கல்யாணம் செப்டம்பரில். பச்சைப் பட்டு உடையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

மே 7

எழுதியே தீர வேண்டும்.

தோட்டத்துக் குகை மண்டபத்தில் ஒரு கல் பெஞ்சு. "உட்காரு, போட்டோ எடுக்கலாம்" என்றான் ரெனாட்டோ. உட்கார்ந்தேன். அவன் சித்தப்பா எங்கோ குழாயைத் திருகினார் — கீழிருந்து, முதுகுப் பக்கமிருந்து, சுவரில் இருந்த சிங்கத்தின் வாயிலிருந்து, தண்ணீர்! எந்தக் காலத்துப் பிரபுவோ விருந்தாளிகளை நனைத்து ரசிக்கக் கட்டியதாம். இவர்கள் வீட்டுக்கு வரும் மருமகள்களை அதில் உட்கார வைத்து நனைப்பது வழக்கமாம். வழக்கமாம்!

என் காதுக் கருவிகள் இரண்டும் செத்துப் போயின. பிறகு எதுவும் கேட்கவில்லை. அத்தனை வாய்களும் திறந்து திறந்து மூடின. அவன் வாய்தான் எல்லாவற்றிலும் பெரியது.

மே 8

கடை திறக்கவில்லை. வாங்க வருகிறவர்கள் கேட்பது காதில் விழாமல் என்ன வியாபாரம்?

மே 10

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"காது மெஷின் ஞாபகமே வரல, ஓர்னெல்லா. சத்தியமா. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா?"

அவன் அம்மா லொரெதானா: "என்னையும்தான் நனைச்சாங்க. மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டா இருந்தேன்? சிரிச்சுட்டு விடும்மா."

"எது வேடிக்கைன்னு சொல்லுங்க அத்தை, நானும் சிரிக்கிறேன்" என்றேன்.

மறதி யாருக்கும் வருவதுதான். மன்னித்துவிடலாமா? தெரியவில்லை.

மே 13

கல்யாணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் உட்காரும் முன் அவன் கை நீட்டுகிறான். என் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைக்கிறான்.

போன் நனையும் என்று தெரிந்திருக்கிறது! காது மட்டும் மறந்துவிட்டதா? அடப்பாவி! இத்தனை நாளும் அந்தக் காதில்தானேடா பேசினாய்?

நேரே அவன் வேலை பார்க்கும் இடத்துக்கே போய் மோதிரத்தை மேசையில் வைத்தேன்.

"கத்தாத, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. "பாக்கட்டும்! அன்னிக்கும் எல்லாரும்தானே பாத்தாங்க!"

செப்டம்பர் 16, சனி

இன்றுதான் கல்யாணம் என்று குறித்திருந்தோம். வழக்கம்போல் கடை திறந்தேன்.

லொரெதானா வந்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான். அரைக் கிலோ ரொட்டி கேட்டார், பொதிந்து கொடுத்தேன். போகவில்லை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார்.

"நானும் அன்னிக்கே அந்த பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சு நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கணும்" என்றார்.

மெல்லத்தான் சொன்னார். புதுக் கருவியில் ஒரு சொல் விடாமல் கேட்டது.