நீல முகத்தோடு வந்தவளுக்கு

தோழி,

இன்று காலை என் கணினித் திரையில் நீ வந்தாய். முகம் முழுக்க நீலம், பல் தெரியும் சிரிப்பு. கையிலிருந்த கோப்பி மேசையில் கொட்டிவிட்டது. நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

ஏன் நீலம் என்று உனக்குத் தெரியும். நாம் எழுதும் பட நூலகம், அதாவது படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு, நிறங்களில் நீலத்தை முதலில் எண்ணும். அதைப் பயன்படுத்தும் பைத்தான் மொழி நிரல் சிவப்பை முதலில் கேட்கும். இடையில் வரிசையைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் இருவர் வேலை; திருப்ப மறந்தால் முகம் நீலமாகிவிடும். சோதனைப் படமாகப் பூவையோ பூனையையோ வைக்காமல் உன் முகத்தையே வைத்தாய். "பூ எந்தக் கலர்லயும் இருக்கும் லா. என் மூஞ்சி மாறிப் போனா ஒரே பார்வையில தெரிஞ்சிடும்" என்றாய். முதல்முறை நீலமாக வந்தபோது, "பாருடி, பெருமாள் மாதிரி இருக்கேன்ல" என்று அலுவலகத்தையே கூட்டிக் காட்டினாய்.

விபத்தில் உன்னோடு உன் கைப்பேசியும் நொறுங்கிப் போனது. மூன்றாம் நாள் அலுவலகத்தில் உன் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துத் தரச் சொன்னார்கள். நான்தான் அழித்தேன். 'டெஸ்ட்' என்றிருந்த கோப்புறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் உன் அம்மா அழைத்தார்.

"கருமக்கிரியைக்கு வைக்க அடையாள கார்டுல உள்ள ஐசி படந்தான்மா இருக்கு. அதுல மொறச்சிக்கிட்டு இருக்கா. சிரிச்ச படம் ஒன்னுகூடவா இல்ல?"

அந்தக் கோப்புறையில்தான் உன் சிரித்த படம் இருந்தது; நான் எதை அழித்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "தேடிப் பாக்குறேன்மா" என்று பொய் சொன்னேன், பாவி.

இன்று நூலகத்தின் புதிய பதிப்புக்காகச் சோதனைகளை ஓட்டினேன். கோப்பிலிருந்து படத்தை ஏற்றும் சோதனை தோற்றது. தோற்காமல் என்ன செய்யும், கோப்பைத்தான் நான் தொலைத்துவிட்டேனே! அடுத்தது ஸ்ட்ரீம் சோதனை. கோப்பே இல்லாமல், பைட்டுகளாக ஓடிவரும் படத்தை ஏற்றுவது. அது ஓடியது. அதில்தான் நீ வந்தாய். உன் படத்தை எழுத்துகளாக மாற்றி நிரலுக்குள்ளேயே ஒட்டி வைத்திருந்தாயே, பக்கம் பக்கமாக! அந்தக் குப்பையை எடு என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். "இருந்துட்டுப் போவட்டும் லா, சோறா கேக்குது?" என்பாய்.

புதிய பதிப்பில் நிற வரிசையைத் திருப்ப ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை அடிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. நீலம் போய் உன் மாநிறம் வந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

டத்தோ கிராமாட்டில் ஒரு ஸ்டூடியோவில் அச்செடுத்து, மதியமே கடல் பாலம் கடந்து அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் உள்ள உன் வீட்டுக்குக் கொண்டு போனேன். உன் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு உன் கன்னத்தை விரலால் தடவினார்.

"வீட்டுல ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லியே. யாரப் பாத்துமா சிரிக்கிறா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை எடுத்தவள் நான். அன்று உன்னைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

"என்னப் பாத்துத்தான்மா" என்றேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.