கிள்ளாமல் விட்ட பாத்தி

மாதா துணை

மூணாறு,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

அமிர்தநாதன் எழுதுவது. நான் சுகம். அங்கே உன் உடம்பும், நீ பார்த்துக்கொள்ளும் குவைத் பாட்டியின் உடம்பும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் நீ கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன். போன மாதமும் அப்படித்தான் ஆயிற்று. கீழ் லயத்து ஷிஜி லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதையும், கொஞ்சம் ஏலக்காயும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன்.

நம் மகள் சோனாவுக்குக் கோட்டயம் ஆஸ்பத்திரி வேலை பிடித்துப்போயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கமாட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான். ஒருவனுக்காகச் சோறு வடிக்க அலுப்பாக இருக்கிறது, பாதி நாள் கஞ்சிதான்.

பூந்தோட்டத்தில் சீசன் முடியப் போகிறது. ஜக்கராந்தா உதிர்ந்து ஓய்ந்துவிட்டது. ஹைட்ராஞ்சியா மழை குடித்துத் தலை தொங்கி நிற்கிறது. மேல் வேலிப் பக்கம் ஒரு காட்டெருமை கன்றோடு வந்து நின்றது. பெங்களூர்க்காரர் ஒருவர் நம் ஊர் எருமை என்று நினைத்து போட்டோ எடுக்கப் பக்கத்தில் போனார். நான் போட்ட சத்தத்தில் எருமை அசையவில்லை, அவர்தான் ஓடினார். சில்வர் ஓக் உச்சியில் மலை அணில் கூடு கட்டியிருக்கிறது. கேட்டைப் பூட்டியபிறகும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சீக்கிரம் லயத்து வீட்டுக்குப் போய் என்ன செய்ய?

இனி உன் பாத்திக்கு வருகிறேன். நீ இங்கே தினக்கூலிக்கு வந்த காலத்தில் உன் அம்மா வீட்டு முற்றத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்து நட்டாயே, அந்தக் கருஞ்சிவப்பு டேலியா. காண்டிராக்ட் முடிந்து மே மாதம் வந்துவிடுவேன் என்று நீ சொன்னாய். அதுவோ அவசரப்பட்டு பிப்ரவரியிலேயே மொட்டு வைத்துவிட்டது. நீ வரும்போது வெறும் தண்டு நிற்கக் கூடாதே என்று, நீ காட்டிக்கொடுத்த மாதிரியே நுனியையும் மொட்டையும் கிள்ளிவிட்டேன். கிள்ளினால் பூப்பது தள்ளிப்போகும் அல்லவா? மறுபடி மொட்டு வைத்தது, மறுபடி கிள்ளினேன். நீ டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப் போடப் போட, நானும் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

பூக்காட்சி வந்தது. எல்லாப் பாத்தியும் பூத்துக் குலுங்க, வாசலுக்கு நேராக உன் பாத்தி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. சூப்பர்வைசர் ஜோபி சார் கூப்பிட்டு விசாரித்தார். பூச்சி விழுந்துவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனுஷன் அன்றைக்கே மருந்து வாங்கி வந்து அடிக்கச் சொல்லிவிட்டார். நல்ல செடிக்கு மருந்தடிக்க மனம் வராமல் வெறும் தண்ணீரை அடித்தேன். அன்றைக்குப் பார்த்து மழை வேறு. கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் அடித்தவன் இந்த மலையில் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகுதான் நீ போனில் சொன்னாய், இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று. சோனா படிப்பு முடியட்டும் என்றாய், முடிந்தது. இப்போது மறையூர் வீட்டுக்கு டைல்ஸும் கதவும் போட்டு முடியட்டும் என்கிறாய். நீ சொல்வது நியாயம்தான். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் கல்யாணம் பண்ணிவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தேன். அதில் நான் மட்டும் இருப்பதை நினைக்க முடியவில்லை, கத்தரீனா.

நீ போன் செய்த மறுநாள் பாத்தியைக் கிள்ளாமல் விட்டுவிட்டேன். இப்போது மொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டன. வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஜோபி சார், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் சுவரோரத்துக் கடைசி வரிசையை மட்டும் பூக்க விட மனம் வரவில்லை. இன்று காலையிலும் கிள்ளினேன். செடி பொறுத்துக்கொள்கிறது. ஓயாமல் கிள்ளினால் ஒரு கட்டத்தில் அது மொட்டு வைப்பதையே விட்டுவிடும், அது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. ஏசியில் தலைக்குத் துணி கட்டாமல் படுக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம், சரி என்று சொன்னவன் நான்தானே. பேனாவை எடுக்கும் முன் ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லியனுப்பு. அந்தக் கடைசி வரிசையை இன்னும் கிள்ளட்டுமா, பூக்க விட்டுவிடட்டுமா?

உன்னுடைய,
அமிர்தநாதன்