கரும்பலகையில் இல்லாத அணி

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கல்லூரி ஃபுட்பால் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது அநியாயம் என்று நீங்கள் சொல்வதை இங்கே விடுதியில் விளக்கினேன். அதற்குப் பதிலாக எட்டுக் கல்லூரிகள் மோதும் நாக்-அவுட் போட்டி ஒன்றைக் கற்பனை செய்து, கரும்பலகையில் வரைந்தேன். எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அறைத்தோழி வில்மா கேட்டாள்: "ஏன்டி, உங்கப்பா கோச்சா இருக்குற ஹாலோவே காலேஜ் இந்த வருஷம் ஒரு மேட்ச்கூட தோக்கலியே. அத எங்க காணோம்?"

"அது சின்ன காலேஜ்டி. பெரிய டீம் யாரையாவது ஜெயிச்சிருக்காங்களா?" என்றேன்.

"அப்படியே அந்தப் பேப்பர்காரங்க மாதிரி பேசுற," என்று சிரித்தாள்.

எனக்குக் காது சுட்டது. சேர்த்துவிடலாம் என்று துடைப்பானை எடுத்தேன். ஒரு பெயரை அழித்தால்தான் இடம். அலபாமா கல்லூரியின் பெயரருகே கையைக் கொண்டுபோனதும் அந்த ஊர்ப் பெண்கள் முறைத்தார்கள். துடைப்பானை வைத்துவிட்டேன்.

உங்கள் கல்லூரியை நான் சேர்க்காதது இடமில்லாததால் அல்ல, அப்பா. பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் ஹாலோவே என்று எழுதினால் சிரிப்பார்களோ என்று முதலிலேயே பயந்துவிட்டேன்.

கம்பளிக் காலுறையும் அம்மா செய்யும் பீக்கன் பருப்பு பிஸ்கட்டும் அனுப்புங்கள். சனிக்கிழமை ஆட்டத்தின் ஸ்கோரை நீங்களே எழுதுங்கள். இங்கே யாரிடமும் கேட்க எனக்கு முகமில்லை. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்துவிட்டார்கள்.

லொரெட்டா