ஒற்றையாய்க் கூப்பிட்ட அறை

காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணுக்காகக் கொய்னா மாத்திரை டப்பாவைத் தேடப் போனேன். மருந்து அலமாரியின் மூலையில் பச்சைக் கம்பளி நூல்கண்டு ஒன்று கையில் தட்டுப்பட்டது. பாதியைப் பூச்சி தின்றிருந்தது. உன்னுடையதுதான். நீ கொடுத்ததில்லை, மறந்துவிட்டுப் போனது. வந்த பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்கிறது என்று கேட்டால் "தெரியாதுங்க" என்கிறாள். உன் நினைவு வராமல் எப்படி இருக்கும்?

குரங்கணியிலிருந்து இந்த ஏலக்காய்த் தோட்டத்துக்கு நீ ஏறி வந்த அன்று செருப்பை ஓடைக்கரையிலேயே விட்டுவிட்டாய். நூல்பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். தேவாரத்துப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டு உதை வாங்கியவன் நீ. அப்போது மதுரைக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவன். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். என் மருந்து வாடையை முகர்ந்து பார்த்து, "உனக்குக் கல்யாணம் ஆனதே பெரிசுடா மாப்ளே" என்றாய்.

காய் பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாமா என்று முதலாளிக்கு ஒரு யோசனை. தாயானாலும் பிள்ளையானாலும் அந்தப் புத்தியில் எழுத்து ஏறாது, வீண் செலவு என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சோதித்துச் சொல்லத்தான் உன்னை வரவழைத்தார்கள். ஏறும் என்று நீ எழுதிக் கொடுத்தால் காலிக் கொட்டகை பள்ளிக்கூடமாகும். ஏறாது என்றால் அங்கே மூட்டை அடுக்குவார்கள்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையை உனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மேசைமேல் பல நிறக் கம்பளி நூல்கண்டுகளைப் பரப்பினாய். கங்காணி வாசலில் நின்று காய் பறிக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றுபோல் இருப்பதையெல்லாம் சேர்த்து வைக்கச் சொன்னாய். வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு "தெரியாதுங்க" என்றாள். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். கடைசியில் நீ பொறுமையிழந்து, இதில் எது பச்சை என்றாவது காட்டு என்றாய். அதுவும் தெரியாதாம்.

மேனேஜர் முகத்தில் அன்று அப்படி ஒரு நிம்மதி. நீ மட்டும் என் வீட்டில் கஞ்சியைக் குடிக்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாய்.

"காய் முத்தியிருக்கான்னு பச்சையப் பாத்துத்தானே பறிக்கிறாங்க? அவங்களுக்குப் பச்சை தெரியலைன்னா நம்புறியா?"

"நம்பலை" என்றேன்.

"அப்ப வேற என்னமோ நடந்திருக்கு. என்னன்னு தெரியலையே" என்றாய். சோதனை பாழாய்ப் போனவன் முகமா அது? புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளையின் முகம். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அதற்கு விடை ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தது. நீ சோதித்தவர்களில் ஒருத்தியான பேச்சியம்மாள், அட்டை கடித்த காலுக்கு மருந்து போட வந்தவள், நீ என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்த ரூமுக்கு ஒத்தையாக் கூப்ட்டாகன்னா களவுச் சோலிதானய்யா. காய் கொறஞ்சா அங்கதான் நிப்பாட்டிக் கேப்பாக. பச்சை தெரியும்னு நாஞ் சொன்னா, பச்சைக்காய எங்கடி ஒளிச்சன்னுதான அடுத்த கேள்வி வரும்? தெரியாதுன்னுட்டா வெரசா விட்ருவாக."

நீ துணியைக் கீழே போட்டுவிட்டாய். புத்தியைச் சோதிப்பதாக நீ நினைத்திருக்க, அவர்கள் களவு விசாரணைக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சோதனையை நீ படித்த சீமைப் புத்தகத்தில் எந்த அறையில் கேட்க வேண்டும் என்று ஒரு வரியாவது உண்டா என்று நான் கேட்டேன். இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

மறுநாள் நூல்பெட்டியைத் தொடவே இல்லை. காய் உலர்த்தும் கொட்டகையில் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து, பெண்களோடு காம்பு கிள்ளினாய். மேனேஜர் உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று என்னிடமே சொன்னார். யாரையும் எதுவும் கேட்காமல் பல நாள் அப்படியே கழித்தாய். உன் விரலெல்லாம் ஏலக்காய் மணத்தது. அவர்கள் உன்னைக் கேலி செய்யத் தொடங்கிய பிறகுதான் நூல்கண்டுகளை நடுவில் கொட்டினாய். ஒருத்தி பிரித்து வைக்க, இன்னொருத்தி கலைத்து வேறு மாதிரி வைக்க, அது பச்சையா நீலமா என்று கொட்டகையே இரண்டு பட்டது. சண்டை போட்டு, சிரித்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

உன் தாளில் ஒரு பதிலுக்கு ஒரு பேர்தான் எழுத இடம். யார் பேரில் எழுதட்டும் என்றாய்.

"எல்லாரு பேர்லயும் எழுதுங்க. ஒருத்தி பேர எழுதுனா அவ மட்டும்ல மாட்டுவா" என்றாள் பேச்சியம்மாள்.

அன்று இறக்கத்தில் நடந்து வரும்போது சொன்னாய்: "மனசு மண்டைக்குள்ள மட்டும் இல்லடா. நாலு பேருக்கு நடுவுலயும் கெடக்கு. அத எப்படி அளக்குறதுன்னுதான் தெரியலை."

முதலில் வந்த பதில்கள் அந்த அறையைப் பற்றியவை, அந்த மனிதர்களைப் பற்றியவை அல்ல என்று முதலாளிக்கு எழுதினாய். எழுத்து ஏறும், பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் நன்றாகவே ஏறும் என்றும் எழுதினாய். முனகிக்கொண்டேதான் காலிக் கொட்டகையைக் கொடுத்தார்கள். இதோ, வாய்ப்பாடு சொல்லும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

போன ஐப்பசியில் மதுரை ஆஸ்பத்திரியில் நோயாய்க் கிடந்த உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து, தினமும் நோயாளிகளைக் கேட்கிற குரலிலேயே உன்னையும் கேட்டேன், எப்படி இருக்கு என்று.

"தெரியாதுங்க" என்றாய். உதட்டோரம் மட்டும் சிரித்தது.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்து வந்து கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாங்கி வந்த ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. பாதிப் பழம் தீர்ந்த பிறகு நீயே சொன்னாய்.

"பயமா இருக்குடா மாப்ளே."

எனக்கும்தான் என்றேன். என் கையை அப்போது பிடித்தவன், நான் கிளம்புகிறவரை விடவில்லை. உன்னை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

நீ இல்லாதது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. ஏன் என்று கேட்க இந்த மலையில் வேறு ஆள் இல்லை. நூல்கண்டை மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டேன். கொய்னாவும் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள். போய் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரப் போகிறேன்.