ஓமன் நாற்காலியில் நம் மகள்

அன்புள்ள சபாஹ்,

முழங்கால் வலி குறைந்ததா? இறைவன் உன்னை நலமாக வைக்கட்டும். நேற்று நான் ஒரு கூத்தடித்து நம் அர்வாவின் மானத்தை வாங்கிவிட்டேன். இங்கே அமெரிக்காவில் அவள் கல்லூரியில் மாணவர்கள் அரபு நாடுகளின் பிரதிநிதிகளாக உட்கார்ந்து வாதாடினார்கள். நம் ஏமனுக்குப் பேசியவன் ஓர் அமெரிக்கப் பையன். நம் மகளோ ஓமன். ஏமனின் தண்ணீர்த் திட்டத்துக்கு அவள் உதவி மறுத்ததும், எழுந்து கத்திவிட்டேன்.

"அடியே, உங்கம்மா இன்னும் கழுதை மேலதான் தண்ணி ஏத்திட்டு வர்றா!"

"அப்பா, உட்காருங்க! நான் இன்னைக்கி ஓமன்!"

சபையே சிரித்தது. இடைவேளையில் அந்தப் பையன் வந்தான்.

"சார், அந்தக் கழுதைய என் பேச்சுல சேத்துக்கட்டுமா? ஏன் இன்னும் குழாய் வரல?"

"எல்லாம் அரசாங்கம்தான் தம்பி" என்றேன். அர்வா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொதிக்க வைத்துக் குடிக்கக் காப்பிக்கொட்டைத் தோல் கொஞ்சம் அனுப்பு. இங்கே வாங்குவதில் வாசமே இல்லை. வேலைக்கு நேரமாகிறது.

வீட்டுக்குக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பி வந்து பதினோரு வருடமானவன் நான்தான் என்று அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் முக்பில்